ஆளுமை–சூழ்நிலை விவாதம்

ஆளுமை–சூழ்நிலை விவாதம் என்பது, மனித நடத்தையைத் தீர்மானிப்பதில் ஒருவரது நிலையான பண்புக்கூறுகளுக்கும் அவர் எதிர்கொள்ளும் சூழ்நிலைக்கும் உள்ள பங்கு குறித்து உளவியலாளரிடையே எழுந்த கருத்து வேறுபாடு ஆகும். இவ்விவாதம் 1970களிலும் 1980களிலும் தீவிரமாக நடைபெற்றது. இரண்டும் இணைந்தே நடத்தையை உருவாக்குகின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

பின்னணி

1920களில் ஐக்கிய அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஸ்ஹோர்ன், மார்க் மே ஆகியோர் ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுவர்களின் நேர்மையைச் சோதித்தனர். ஒரு சோதனையில் ஏமாற்றிய சிறுவன் மற்றொன்றில் நேர்மையாக நடந்துகொள்வது வழக்கமாகக் காணப்பட்டது. இம்முடிவுகள் 1928 இல் வெளியாயின.

மிஷெலின் விமர்சனம்

வால்டர் மிஷெல் (1930–2018) தமது 1968 ஆம் ஆண்டு நூலில், ஆளுமைச் சோதனை மதிப்பெண்களுக்கும் உண்மையான நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு பெரும்பாலும் 0.3 ஐத் தாண்டுவதில்லை எனச் சுட்டிக்காட்டினார்.

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகியோர் 1973 இல் வெளியிட்ட ஆய்வு சூழ்நிலையின் வலிமையைக் காட்டியது. இதில் பிரின்ஸ்டனைச் சேர்ந்த இறையியல் மாணவர் 40 பேர் பங்கேற்றனர். உரையாற்றச் சென்ற அவர்களின் வழியில், துன்புறுபவர் போல் ஒருவர் சரிந்து அமர்ந்திருந்தார். அவசரமற்றவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினர்.

மறுமொழிகள்

ஒரே ஒரு செயலைக் கொண்டு பண்பை அளப்பது, ஒரே வினாவைக் கொண்டு மாணவரின் அறிவை அளப்பதைப் போன்றது. பல நாள் நடத்தைகளின் சராசரியைக் கணக்கிட்டால் நிலைத்தன்மை பெருமளவு கூடுவதை சீமோர் எப்ஸ்டீன் 1979 இல் காட்டினார்.

டேவிட் ஃபண்டர், டேனியல் ஓசர் ஆகியோர் 1983 இல், டார்லி–பேட்சன் ஆய்வு உட்படப் புகழ்பெற்ற சூழ்நிலை ஆய்வுகளை அதே ஒட்டுறவு அளவையால் கணக்கிட்டனர். சூழ்நிலையின் விளைவும் ஏறத்தாழ 0.4 அளவிலேயே இருந்தது. எனவே, 0.3 என்பதைக் கொண்டு பண்புக்கூறுகளைப் புறக்கணிக்க இயலாது என வாதிடப்பட்டது.

இடைவினைக் கருத்து

மிஷெலும் யூச்சி ஷோடாவும் கோடைக்கால முகாமொன்றில் சிறுவர்களைக் கவனித்தனர். ஒரு சிறுவன் சக சிறுவர் சீண்டும்போது முரட்டுத்தனம் காட்டலாம். மற்றொருவன் பெரியோர் கண்டிக்கும்போது காட்டலாம். இருவரின் சராசரி ஒன்றாக இருந்தாலும், "இவ்வாறு நேர்ந்தால் இவ்வாறு நடப்பான்" என்னும் அமைப்பு ஒவ்வொருவரிடமும் வேறாகவும் ஓரளவு நிலையாகவும் இருந்தது. இதனை அடிப்படையாகக் கொண்ட கோட்பாட்டை அவர்கள் 1995 இல் வெளியிட்டனர்.

முக்கியத்துவம்

ஒருவரின் ஒரு தவறைக் கொண்டு அவரது குணத்தை முடிவு செய்வது பிழையாகலாம் என்பதும், நீண்ட கால நடத்தையில் அவரது குணம் வெளிப்படும் என்பதும் இவ்விவாதத்தின் பயன்களாகும். பணியாளர் தேர்விலும் உளவியல் மதிப்பீட்டிலும் இவை கருத்தில் கொள்ளத்தக்கவை.