ஆடுகளமும் குலவேலியும்

விளையாட்டுக் களத்திலே மதிக்கப்படுவது திறமையொன்றே என்பது பொதுவான எண்ணம். ஓட்டங்களையும் விக்கெற்றுக்களையும் எண்ணுமிடத்துக் குலத்தையும் செல்வத்தையும் எண்ணுவார் இலர் எனப் பலரும் கருதுவர். ஆயின், களத்தினுள் நுழைபவர் யார், நுழைந்தபின் அவர் செய்யும் பணி யாது, தலைமை எவர்க்குரியது என்னும் வினாக்களுக்குத் திறமை மட்டும் எக்காலத்தும் விடையாக அமைந்ததில்லை. இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குவது பல்வங்கர் பாலு என்பாரின் வரலாறு.

பாலு 1876 ஆம் ஆண்டு தார்வாரிலே பிறந்தவர். தோற்றொழிலுக்குரியதெனக் கொள்ளப்பட்டுத் தீண்டாதாருள் வைத்தெண்ணப்பட்ட சமார் குலத்தினர். பூனா நகரிலே பார்சியர் கழகமொன்றின் மைதானத்தைக் கூட்டிச் செப்பனிடுவதே அவர் பெற்ற முதல் வேலை. மாத ஊதியம் 3 ரூபா. பின்னர் ஐரோப்பியர் கழகத்திலே 4 ரூபாவுக்கு அமர்ந்து, புல் வெட்டுதல், உருளை இழுத்தல், வலை கட்டுதல் முதலிய ஏவல்களைச் செய்தார். உறுப்பினர்கள் பயிற்சி பெறும் வேளைகளிலே அவர்களுக்குப் பந்து வீசுதலும் அவர் கடமையாயிற்று. கிறெய்க் என்னும் சிறந்த ஆங்கிலத் துடுப்பாட்டக்காரருக்கு நாடோறும் பந்து வீசியதனால், அவருடைய இடக்கை வீச்சு ஒப்பற்ற நுட்பம் பெற்றது. ஆயின், துடுப்பைப் பிடிக்கும் வாய்ப்பை அவருக்கு அங்கு எவரும் அளித்திலர். பந்து வீசுதல் உழைப்பு. துடுப்பெடுத்தல் உயர்ந்தோர்க்குரிய இன்பம் என்பதே அக்கால நியதி.

இந்நியதி இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கிரிக்கெற் பிறந்த இங்கிலாந்திலும் ஊதியம் பெறாது ஆடுவோர் கனவான்கள் எனவும், ஊதியத்துக்கு ஆடுவோர் வெறும் ஆட்டக்காரர் எனவும் பிரிக்கப்பட்டிருந்தனர். பல மைதானங்களில் இரு சாராரும் வெவ்வேறு அறைகளிலே உடை மாற்றி, வெவ்வேறு வாயில்களால் களம் புகுந்தனர். இவ்வேறுபாடு 1962 ஆம் ஆண்டின் இறுதியிலேயே நீக்கப்பட்டது. அங்கே வகுப்பு இட்ட வேலியை இந்தியாவிலே குலமும் இனமும் மேலும் உயர்த்தின.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்களுக்குப் பாலுவின் கை தேவைப்பட்டது. அவரைச் சேர்க்கலாமா என்று உயர்குலத்தாரிடையே கருத்து மாறுபாடு எழுந்தது, ஈற்றில் சேர்த்துக்கொண்டனர். களத்திலே அவர் தொட்ட பந்தைத் தொடுவதற்கு அவர்கள் தயங்கவில்லை. தேநீர் வேளையிலோ, ஏனையோர் மண்டபத்தினுள்ளே அமர்ந்து அருந்த, அவருக்கு வெளியிலே மண்கலத்தில் தேநீர் கொடுக்கப்பட்டது. உண்பதற்கும் தனித் தட்டு, தனி மேசை. உடன் ஆடக்கூடியவர் உடன் உண்ணவும் தக்கவரே என்று நீதியரசர் ரானடே வெளிப்படையாக உரைத்தது இந்நிலையை நோக்கியேயாகும்.

பம்பாய்க்குச் சென்று அங்குள்ள இந்துக் கழகத்திலே சேர்ந்தபின் உணவு மேசையின் வேலி தளர்ந்தது. 1906 இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்ற புகழ்மிக்க ஆட்டத்திலே பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடினர். 1911 இல் பாட்டியாலா மகாராசாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பல தோல்விகளைக் கண்டது. பாலுவோ 114 விக்கெற்றுக்களை வீழ்த்தி மீண்டார். தாயகத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பளித்தனர். அதிற் பங்குகொண்டவர்களுள் ஒருவர் அப்போது இளைஞராயிருந்த அம்பேத்கார்.

எனினும் இறுதி வாயில் அடைபட்டேயிருந்தது. இந்து அணியின் தலைமை பாலுவுக்கு அளிக்கப்படவில்லை. 1913 இல் தலைவராக்கப்பட்ட பை என்னும் பிராமணர், அப்பதவி மூத்தவரும் அனுபவமுடையவருமான பாலுவுக்கே உரியதென்று தமக்களிக்கப்பட்ட பாராட்டு விழாவிலேயே கூறினார். அந்நேர்மை போற்றற்குரியது, ஆனால் அது முடிவை மாற்றவில்லை.

முடிவை அசைத்தது வேறொன்று. 1920 இல் பாலு அணியினின்றும் நீக்கப்பட்டார். அவர் தம்பியரில் இளையவரும் தேர்ந்த துடுப்பாட்டக்காரருமான விட்டல் தலைமைக்குப் புறக்கணிக்கப்பட்டார். விட்டலும் சிவராமும் தாம் ஆடுவதில்லையென அறிக்கை விடுத்து விலகினர். தேர்வாளர் இறங்கி வந்து பாலுவை மீண்டும் அழைத்து, உபதலைவராக்கினர், தம்பியரும் திரும்பினர். காந்தியடிகளின் தீண்டாமையொழிப்பு இயக்கம் மக்கள் மனத்தைத் தொட்டிருந்த காலம் அது. 1923 இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்று வாகை சூடினர்.

இவ்வரலாற்றிலே நோக்கற்பாலது ஒன்றுண்டு. பாலுவின் திறமை வாயில்களைத் திறந்தது மெய்யே. ஆயின் உள்ளிருந்தோர்க்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே ஒவ்வொரு வாயிலும் திறந்தது. பந்து வீச ஆள் வேண்டியபோது களம் திறந்தது; வெற்றி வேண்டியபோது அணி திறந்தது. தலைமைக்கு அவரை வேண்டுவார் இன்மையின் அவ்வாயில் தானாகத் திறக்கவில்லை. திறமையோடு, அநீதிக்கு உடன்பட மறுக்கும் துணிவும் சேர்ந்தபோதே அதன் தாழ் நெகிழ்ந்தது.

முதல்தர ஆட்டங்கள் 33 இல் 179 விக்கெற்றுக்களைப் பெற்ற பாலு 1955 இல் மறைந்தார். அவர் குலத்திற் பிறந்து, பந்தைத் தொடும் வாய்ப்பே பெறாது உருளை இழுத்து ஓய்ந்தோர் எத்துணையரோ! அவர்தம் பெயர்களை எந்த ஓட்டப் பதிவேடும் கூறாது. ஆடுகளம் யாவர்க்கும் பொது என்று கூறுமுன், அதனைச் செப்பனிட்டவனுக்கு அங்கே துடுப்பும் தரப்பட்டதா என்று வினவுதல் கற்றோர் கடனாகும்.