கொங்கு நாட்டில் மத்திய அலை வானொலி

கோவைக்கெனத் தனி நிலையம் அமையும் முன்பு கொங்கு நாட்டுக்கு வாய்த்தது திருச்சி வானொலிதான். சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இலும் திருச்சி நிலையம் 1939 மே 16-இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. கோவைக்கும் திருச்சிக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பகலில் மத்திய அலை தரையை ஒட்டியே செல்லும். தொலைவு கூடக் கூட வலு குறையும். இரவில் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் நெடுந்தொலைவு எட்டும். பகலில் இரைச்சலுக்கிடையே கேட்ட தொலைதூர நிலையம் இருட்டிய பிறகு துலக்கமாகக் கேட்டது இதனால்தான்.

கேட்பதற்கான வசதி கொங்கு மண்ணில் முன்பே உருவாகியிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது, பஞ்சாலைகள் பெருகின. வீடுகளில் வால்வு ரேடியோ வைக்கவும் வழி பிறந்தது. குமிழைத் திருகியதும் அது பாடிவிடாது. வால்வுகள் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். கூரைக்கு மேல் கட்டிய ஏரியல் கம்பி அலையை வாங்கித் தரும். பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது; 1980-களின் நடுவில்தான் அது நீங்கியது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே செய்து தர முடியும் என்று 1941-இல் கோவைத் தொழிலதிபர் ஜி. டி. நாயுடு அறிவித்தார். பெட்டி எளியவர் கைக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

அந்த எண்ணத்தை நிறைவேற்றியது டிரான்சிஸ்டர். கொங்கு வேளாண் குடும்பங்கள் பல, ஊருக்குள் கூடி வாழாமல் அவரவர் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) குடியிருப்பவை. மின்கம்பி எட்டாத சாளையிலும் பேட்டரிப் பெட்டி பேசியது. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி, கையில் கடிகாரம் இல்லாதவருக்கு நேரமும் சொன்னது.

உழவர்களுக்கெனவே 1966-இல் அகில இந்திய வானொலி பண்ணை, இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளைத் தொடங்கியது. தஞ்சையில் ஆடுதுறை 27 நெல் ரகம் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. வானொலிவழி அறிந்து உழவர்கள் அதைப் பயிரிட்டதே காரணம். வேளாண் கல்லூரி வேரூன்றிய ஊர் கோவை; 1971-இல் அக்கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் விளைந்த அறிவைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்ல வானொலி ஏற்ற வாகனமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது எட்டியதே அதன் பெரும் பயன்.

கோவைக்குக் கிடைத்த சொந்த நிலையம் திருச்சி சாலையில் ராமநாதபுரம் பகுதியில் அமைந்தது. அதன் மத்திய அலைவரிசை 999 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 300 மீட்டர். 1978-இல் நடைமுறைக்கு வந்த ஜெனீவா திட்டப்படி ஆசிய, ஐரோப்பிய, ஆப்பிரிக்க மத்திய அலைவரிசைகள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டன; கோவையின் 999-உம் திருச்சியின் 936-உம் ஒன்பதின் மடங்குகளாக இருப்பது அதனால்தான்.

பின்னர் வந்த பண்பலை இரைச்சலின்றித் தெளிவாகக் கேட்கும். ஆனால் அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் மலை மறித்தால் ஒலி மங்கிவிடும். மேற்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் சூழ்ந்த கொங்கு நாட்டில் மத்திய அலையின் மதிப்பு இதில் விளங்கும். நகரத்துக்குத் தெளிவைத் தந்தது பண்பலை. தொலைவிலிருந்த சாளைகளையும் ஒரே குரலைக் கேட்க வைத்தது மத்திய அலை.