பீருக்குள் வந்த சர்க்கரை

பீர்னா மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணி, அவ்வளவுதானேன்னு தோணும். பிரிட்டனில் 1816-ல் வந்த சட்டமும் மால்ட், ஹாப்ஸ் தவிர வேற எதையும் சேர்க்கக் கூடாதுன்னுதான் சொன்னது. கலப்படம் ஒரு காரணம், மால்ட் மேல இருந்த வரி இன்னொரு காரணம். 1847-ல் சர்க்கரைக்கு அனுமதி கிடைத்தது. 1880-ல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியையே எடுத்துவிட்டு, புளிக்கும் முன் சாறு எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு பார்த்து வரி போட்டார். அதன்பின் இனிப்பு எதிலிருந்து வந்தாலும் அரசுக்கு ஒன்றுதான்.

விளைவு 1900-ல் தெரிந்தது. மான்செஸ்டர் பகுதியில் பலருக்குக் கைகால் மரத்துப்போனது, தோல் கறுத்தது. குடியால் வந்த நரம்புக் கோளாறுன்னு டாக்டர்கள் நினைத்தார்கள். எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற டாக்டர்தான் பீரையே சோதித்தார். உள்ளே ஆர்சனிக்!

மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கக் கந்தக அமிலம் சேர்ப்பார்கள். அந்த அமிலம், ஆர்சனிக் கலந்த பைரைட்ஸ் தாதுவிலிருந்து வந்தது. 6,000 பேருக்கு மேல் பாதிப்பு, குறைந்தது 70 பேர் சாவு. கெல்வின் பிரபு தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகின கதை. பிழை நம்ம கோடில் இல்லை, யாரோ எழுதி நாம சோதிக்காம சேர்த்த லைப்ரரியில். இங்கே பழியைச் சுமந்தவர்கள் மட்டும் குடித்தவர்கள்.