ஹெர்மனின் ஐந்து தொகுதிகள்

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இலங்கைக்கு வந்ததே இல்லை. ஆனாலும் 1747-இல் அத்தீவின் செடிகளுக்கென்று ‘ஃப்ளோரா ஜெய்லானிகா’ என்ற நூலை வெளியிட்டார். அவருக்குக் கைகொடுத்தவை ஐந்து பழைய தொகுதிகள்: நான்கில் உலர்த்தி ஒட்டிய செடிகள், ஒன்றில் ஓவியங்கள்.

சேகரித்தவர் பால் ஹெர்மன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1672 முதல் 1677 வரை இலங்கையில் இருந்தவர். செடிகளின் சிங்களப் பெயர்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். (சொன்னவர்கள் யாரென்று குறித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.) பிறகு லைடனில் பேராசிரியரானார், 1695-இல் இறந்தார். அதோடு தொகுதிகளும் கண்மறைந்தன. அரை நூற்றாண்டு கழித்துக் கோபன்ஹேகனில், அரச மருந்தாளர் ஆகஸ்ட் குந்தரிடம் தலைகாட்டின. பெயர் கண்டுசொல்லும்படி அவர் ஸ்வீடனுக்கு அனுப்ப, அவை ஹெர்மனுடையவை என்று லின்னேயஸ் இனங்கண்டார்.

அப்புறம் எண்ணும் வேலை. பூவிலுள்ள மகரந்தத்தாள்களை முதன்மையாக வைத்துத் தாவரங்கள் அனைத்தையும் 24 வகுப்புகளாகப் பிரித்திருந்தார் அவர். எழுபது ஆண்டு காய்ந்து கிடந்த பூவில் அவற்றை எண்ணக் கண்ணும் பொறுமையும் வேண்டும். எண்ண வழியில்லாதவற்றை நூலின் கடைசியில் ஒதுக்கினார். முறை எளிது, விளைவு சில இடங்களில் வேடிக்கை. நெற்பூவில் ஆறு தாள், செங்காந்தளிலும் ஆறு; எனவே இரண்டும் ஒரே வகுப்பு. கோதுமைக்கு மூன்றுதான், அது வேறு வகுப்பு. நெல்லும் கோதுமையும் புல்லினம் என்பது வரப்பில் நிற்பவருக்கே தெரியும். லின்னேயஸுக்கும் தெரியும், தன் ஏற்பாடு இயற்கை உறவைக் காட்டுவதல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார்.

1789-இல் பிரான்சின் ஜுஸ்யூ, பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்துக் குடும்பங்களை வகுத்தார். 24 வகுப்புகள் மெல்ல வழக்கொழிந்தன. 1998-இல் வந்த ஏ.பி.ஜி. (ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப்) என்ற ஆய்வாளர் குழுவின் வகைப்பாடு, டி.என்.ஏ. ஒப்பீட்டை வைத்துப் பூக்கும் தாவரக் குடும்பங்களையும் மாற்றியடுக்கியது.

ஹெர்மனின் தாள்களுக்கு மட்டும் வேலை தீரவில்லை. 1753-இல் ‘ஸ்பீசிஸ் பிளான்டாரம்’ நூலில் லின்னேயஸ் இருசொற்பெயர் சூட்டிய இலங்கைச் செடிகள் பலவற்றுக்கு அவையே ஆதாரம். இந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று சிக்கல் வந்தால், இன்றும் அந்தத் தாளைத்தான் புரட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், வகுத்தவரைவிட ஒட்டிவைத்தவரின் உழைப்பே நீடித்தது.

டென்மார்க்கின் மோல்ட்கே பிரபு, பேராசிரியர் ட்ரெஸ்கோ என்று கைமாறிய தொகுதிகளை ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் பேங்ஸ் 75 பவுண்டுக்கு வாங்கினார். இப்போது அவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் படங்களாகவும் கிடைக்கின்றன. தாவரவியல் படிப்பவர்கள் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.