தபாலை நிறுத்திவைத்தல் (இராமநாதபுரம் கடற்கரை)

உரியவர் கையில் உடனே சேர்க்க முடியாத தபாலை அஞ்சலகம் தன் பொறுப்பில் குறிப்பிட்ட நாட்கள் வைத்திருக்கும் வழக்கம் இது. மாரியூர் தொடங்கி இராமேசுவரம் வரையுள்ள கடற்கரையில் இதன் தேவை அதிகம். கடலுக்குப் போனவர், உப்பளத்துக்குப் போனவர், அரபுநாட்டில் வேலை பார்ப்பவர் என்று பகலில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இங்கே பல.

இந்தியாவில் கடிதங்கள் அஞ்சலகத்தில் தேங்கியதற்கு ஒரு காரணம் காசு. 1854க்கு முன் தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடியது. அதைப் பெறுபவர் தலையில் கட்டுவதும் சகஜம். கையில் காசில்லாதவரின் கடிதம் அஞ்சலகத்திலேயே கிடந்தது. 1854 அக்டோபர் 1 முதல் அரையணா அஞ்சல்தலை ஒட்டிய கடிதம் நாடு முழுக்கச் சென்றது. தலை ஒட்டாத 'பேரிங்' கடிதத்துக்கு இரட்டைக் கட்டணம் என்றதும் கட்டணத்தை முன்கூட்டியே கட்டும் பழக்கம் வேரூன்றியது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டார்கள். இப்படி நிலையான முகவரி இல்லாத பயணிகளுக்குத்தான் 'போஸ்ட் ரெஸ்டான்ட்' முறை: ஊர் அஞ்சலகத்தின் பெயரையே முகவரியாக எழுதினால் போதும், உரியவர் நேரில் வந்து அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளலாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ஊரோடு அதன் அஞ்சலகமும் அழிந்தது.

ஒரு கடிதத்தின்மேல் அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் உரிமை உண்டு. இந்த இரட்டை உரிமையைக் காப்பதே நிறுத்திவைப்பதன் நோக்கம். 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் இதற்கான நடைமுறையைத் தெளிவாகவே வகுத்தது. சேர்க்க முடியாத கடிதத்தை, இரகசியம் காக்கக் கடமைப்பட்ட அலுவலர் மட்டுமே பிரித்து, அனுப்பியவரைக் கண்டறிந்து திருப்ப முடிந்தது. அவரும் தெரியாவிட்டால் கடிதம் அழிக்கப்பட்டது. உள்ளிருந்த பணமும் கெடாத பொருளும் ஓராண்டு காக்கப்பட்டன. சேர்க்க முடியாத கடிதத்துக்கும் இவ்வளவு மரியாதை செய்த சட்டம் அது. அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 18இல் வந்தது.

இன்றைய நடைமுறையைத் திரும்பி வந்த உறையிலேயே பார்க்கலாம். வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் 'டோர் லாக்டு' என்று தேதியோடு பேனாவால் எழுதுவார். அறிவிப்புச் சீட்டு வைத்ததையும் குறிப்பார். ஏழு நாள் பார்த்தபின் தபால் அனுப்பியவருக்கே திரும்பும். இந்தக் குறிப்புகள் நீதிமன்றம் வரை செல்லும். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ், மாறாக நிரூபிக்கப்படாதவரை, சேர்ந்ததாகவே கருதப்படும் என்று 2007இல் காசோலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாங்காமல் விட்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை வீண். அந்தப் பதிவுத் தபாலே 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது.

பிழைப்புக்காக மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பவருக்கு ஏழு நாள் போதவே போதாது. அப்படிப் புறப்படுவோர், தபாலை எந்த முகவரிக்குத் திருப்ப வேண்டும் அல்லது தமக்குப் பதிலாக யார் வாங்கலாம் என்பதைத் தம் அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.