பலூன் வீடும் பனிக்கால ராத்திரியும்

போன வாரம் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் லின்க் அனுப்பியிருந்தான். கார் பின்னாடி இழுத்துட்டுப் போற டிரெய்லர். மேலே ஒரு கூடாரம். அதுக்கு இரும்புக் கம்பி கிடையாது, காற்றடிச்ச குழாய்தான் தூண். "மச்சி, ஜனவரில மணாலி போறோம், பாப்பாவும் வர்றா. இது குளிர்ல தாங்குமா?"

பாப்பாவுக்கு மூணு வயசு. அதனால கூகுளைத் தட்டி ரெண்டு வரி பதில் போட மனசு வரலை. தோண்ட ஆரம்பிச்சேன். கடைசியில நம்ம ஏரியாவிலயே வந்து நின்னேன் :-)

ரப்பருக்கும் குளிருக்கும் ஆதியிலிருந்தே ஆகாது. 1830-களில் அமெரிக்காவில் ரப்பர் ஷூ, கோட்டெல்லாம் விற்றார்கள். வெயிலில் பிசுபிசுவென்று உருகும், பனியில் விறைத்து வெடிக்கும். கம்பெனிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. 1839-ல் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் ரெண்டையும் தாங்கும் என்று கண்டுபிடித்தார். 1844-ல் காப்புரிமை. ஆனால் 1860-ல் மனுஷன் கடனோடுதான் செத்தார். 1888-ல் டன்லப் அந்த ரப்பருக்குள் காற்றை அடைத்து சைக்கிள் டயர் ஆக்கினார்.

நம்ம ஊர்க் கதை 1946-ல். திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட். மாம்மன் மாப்பிள்ளை அங்கே பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் டிரெட் ரப்பர், 1961-ல் டயர். அதுதாங்க எம்.ஆர்.எஃப்!

சரி, ரப்பர் தாங்கிடுச்சு. காற்று? குளிர்ந்தால் அழுத்தம் குறையும், ப்ளஸ் டூ பிசிக்ஸ். மதியம் 20 டிகிரியில் கூடாரக் குழாய்க்கு 7 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம்னு வைங்க. ராத்திரி மைனஸ் 10. காலையில இருக்கப்போறது சுமார் 4.8. மூணுல ஒரு பங்கு காலி! இதே குளிரில் 30 பி.எஸ்.ஐ. கார் டயர் இழப்பது 15 சதவீதம்தான். (கடல்மட்டத்தை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு.) ஓட்டையே இல்லாமல் கூடாரம் தொங்குவது இதனால்தான்.

இதுக்குத் தீர்வு என் வீட்டுலயே இருந்துச்சு. அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 1955-ல் ஆரம்பித்த அந்த ஆலையில் செய்த பெட்டிகள்தான் 2008 அக்டோபர் 11-ல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் முதல் ரயிலாக ஓடின. உள்ளே ஹீட்டர், முன்னாடி பனியைத் தள்ளும் தகடு, பெட்டியைத் தாங்க ஏர் ஸ்பிரிங். அதாவது காற்றடிச்ச ரப்பர்ப் பை!

"அது மட்டும் எப்படிப்பா குளிர்ல இறங்காம இருக்கு?"

"யாரு சொன்னா இறங்காதுன்னு? பை இறங்கினா லெவலிங் வால்வு தொறக்கும், டேங்க்ல இருந்து காத்து வரும். மொத்தமா போனாலும் உள்ளே எமர்ஜென்சி ரப்பர் ஸ்பிரிங் இருக்கு. காத்தை நம்பு, ஆனா காத்தை மட்டும் நம்பாத."

குட்இயர் ரப்பரைத் தயார் பண்ணினார், ஆனா காற்றைக் காவல் காக்க ஒரு ஆள் வேணும். ரயிலில் அது வால்வு. கூடாரத்தில் அது நாமதான்.

நண்பனுக்கு எழுதின பதில் இதுதான். படுக்கப் போகுமுன் அழுத்தம் பார், ரெண்டு அடி அடி. காலையில் வெயில் ஏறினதும் அளவு தாண்டாம கொஞ்சம் காற்றை விடு. பி.வி.சி. துணி குளிரில் விறைக்கும், விறைப்போடு மடிச்சா மடிப்பிலேயே விரிசல் விடும். அதனால வெயில் பட்டு இளகின பிறகு மடி. கதகதப்புக்குக் கம்பளிதான், உள்ளே அடுப்பு மூட்டாதே, புகை ஆளைக் கொன்னுடும். கூடவே கம்பி வெச்ச சாதாக் கூடாரம் ஒண்ணு எடுத்துட்டுப் போ.

"கூடாரத்துக்கே ஸ்டெப்னியா?"ன்னு சிரிச்சான். அப்பா சொன்னதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணினேன். அரை மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு: "பாப்பாவுக்கு லாட்ஜ்ல ரூம் போட்டுட்டேன். பலூன் வீட்டுல நான் மட்டும்."

அதுவும் ஒரு எமர்ஜென்சி ஸ்பிரிங்தானே :-)