கஞ்சாச் செடியைக் குள்ளமாக்கியது யார்?

கஞ்சாச் செடி எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது விரல் விரிச்ச மாதிரி இருக்கிற இலைதான். அதின்ர உயரத்தைப் பற்றி நாங்கள் யோசிச்சதே இல்லை. ஆனால் இந்த வரலாறு உயரத்தில்தான் தொடங்குகிறது.

கொலம்பியா, தாய்லாந்து, மெக்சிக்கோ போன்ற வெப்ப நாடுகளின் செடிகள் இரண்டு ஆள் உயரத்துக்கு வளரும். பூத்து முற்ற மாதக்கணக்காகும். இவற்றை அறைக்குள் வளர்ப்பது பெரும்பாடு. அப்ப, கஞ்சா ஏன் அறைக்குள் போனது?

1970களின் நடுப்பகுதியில் மெக்சிக்கோ அரசு, அமெரிக்க உதவியோடு, கஞ்சாத் தோட்டங்கள் மீது பரகுவாட் தெளித்தது. ஓம், எங்கட கமக்காரருக்கும் தெரிஞ்ச அதே களைநாசினிதான். அமெரிக்காவில் பலர் உள்ளூரிலேயே பயிரிடத் தொடங்கினார்கள். 1983 இல் கலிபோர்னியாவில் ஹெலிகொப்டர் தேடுதல் வந்தது. வெளியில் வளர்த்தவர்களில் பலர் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

கூரை பதிவு, மின்சாரம் செலவு, இடம் கொஞ்சம். இதுக்கு ஏற்ற செடி ஆப்கானிஸ்தானின் மலைகளில் இருந்தது: குள்ளம், அகன்ற இலை, கிட்டத்தட்ட எட்டுக் கிழமையில் பூ முற்றிவிடும். ஹஷீஷ் செய்வதற்காக அங்குள்ள விவசாயிகள் தலைமுறைகளாகப் பேணிய செடி அது. பயணிகள் அதன் விதைகளைக் கொண்டுவந்து கொலம்பிய, மெக்சிக்கச் செடிகளோடு கலந்தார்கள். 'ஸ்கங்க் நம்பர் 1' அப்படி வந்ததுதான். 1980களில் நெதர்லாந்தின் விதைக் கம்பனிகள் இந்தக் கலப்புகளை உலகெங்கும் விற்றன.

அந்தக் காலத்தில் பரவிய முறைதான் 'பச்சைக் கடல்'. சின்னச் சின்னச் செடிகளை நெருக்கமாக வைத்து, வளர விடாமல் வெள்ளனவே பூக்க வைப்பது. ஒன்று உயர்ந்தால் மற்றதுக்கு வெளிச்சம் மறையும். அதனால் பக்கக் கிளை குறைந்த, ஒரே உயரமான செடிகளைத் தெரிவு செய்தார்கள். ஒரே தாய்ச் செடியிலிருந்து துண்டு வெட்டி வேர்விடச் செய்தார்கள்.

பிறகு 1988 இல் அமெரிக்கச் சட்டம் எடையை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்தது: 100 செடி இருந்தால் குறைந்தது 5 வருடச் சிறை. பச்சைக் கடலுக்கு எண்ணிக்கைதான் உயிர். இப்போது செடிகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் வலைக்குக் கீழே படர விடுவது லாபமாகியது. தெரிவும் மாறியது, கிளை விடுகிற செடிக்கு மதிப்பு வந்தது.

1995 இல் அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. சராசரியாக 4 வீதம். 2014 இல் ஏறத்தாழ 12 வீதம். சட்டம் மட்டும்தான் காரணம் எண்டு சொல்லேலாது. சந்தையும் வீரியத்தைத்தான் கேட்டது. ஆனால் ஒளித்து வளர்ப்பவருக்குச் சின்ன இடத்தில் கூடின வீரியம் தேவைப்பட்டது.

இன்னொரு விசயம். 1785 இல் லமார்க் 'இண்டிகா' எண்டு பெயர் வைத்தது இந்தியாவிலிருந்து வந்த செடிக்கு. இன்றைய சந்தையில் அந்தப் பெயர் ஆப்கான் குள்ளச் செடிக்குப் போய்விட்டது. அதைப் பேணிய விவசாயிகளின் பெயரோ எந்த விதைப் பைக்கற்றிலும் இல்லை.

தடை நல்லதா கெட்டதா எண்டு நாங்கள் வாதாடும்போது, செடி மாறாமல் அப்படியே நிற்குது எண்டு நினைக்கிறம். அது நிற்கவில்லை. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஏற்ற செடியை யாரோ தெரிவு செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.